அஸருக்குப் பின் நம் பிள்ளைகள் எங்கே?

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரித்தாகட்டும். ஸலவாத்தும் ஸலாமும் எமது உயிரினும் மேலான நபி முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

இன்றைய உரையை எனது சொந்தத் தவறொன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் மலையகத்தின் ஒரு பள்ளிவாசலில் இமாமாகப் பணியாற்றினேன். அஸர் தொழுகை முடிந்ததும் எட்டுப் பத்துச் சிறுவர்கள் பள்ளிவாசல் முன்றலில் பந்து விளையாடுவார்கள். ஒரு நாள் அந்தப் பந்து வுழூச் செய்யும் ஹவ்ளில் வந்து விழுந்தது. வயது முதிர்ந்த ஒருவர் கோபப்பட்டார். நானும் முன்பின் யோசிக்காமல் பந்தை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். "இது அல்லாஹ்வின் வீடு, விளையாட்டு மைதானமல்ல" என்று சிறுவர்களுக்குக் கடுமையாகச் சொன்னேன்.

முன்றல் அமைதியாயிற்று. நானும் மகிழ்ந்தேன். ஆனால் இரண்டு வாரங்கள் கழிவதற்குள் மஃரிப் ஜமாஅத்தின் பின் ஸஃப் வெறுமையாயிற்று. விளையாடிய பிள்ளைகள்தாம் அதுவரை அந்த ஸஃப்பை நிரப்பியிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்களைத் தேடிச் சென்றேன். ஒரு கடைத்தொகுதியின் படிக்கட்டில், இருட்டில், ஒரே கைத்தொலைபேசியைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். திரையில் யாரோ யாரையோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். அதான் சொல்லப்பட்டது, ஒருவனுடைய தலையும் நிமிரவில்லை. மறுநாளே பந்தைத் திருப்பிக் கொடுத்தேன். பெரும்பாலானோர் திரும்பி வந்தார்கள். இருவர் மட்டும் கடைசிவரை வரவேயில்லை. அந்த இருவருடைய முகங்களும் இன்றும் எனக்கு மறக்கவில்லை. அவர்களைப் பற்றி நாளை மறுமையில் நான் விசாரிக்கப்படுவேனோ என்ற அச்சமே இவ்வுரையை எழுதத் தூண்டியது.

அன்புக்குரிய நேயர்களே! நாம் வாழும் இந்த நானுஓயாவைச் சற்று எண்ணிப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் எமது புகையிரத நிலையம் அமைந்திருக்கிறது. 1885ஆம் ஆண்டு புகையிரதப் பாதை இங்கு வந்து சேர்ந்தது. நுவரெலியாவைப் பார்க்க விரும்புவோர் எமது நிலையத்திலேயே இறங்கிச் செல்வது வழக்கம். நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய, 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதலாகலை எமக்கு அண்மையில் நிற்கிறது. 1861இல் ஆரம்பிக்கப்பட்ட ஹக்கலைப் பூங்கா, 1873இல் அமைக்கப்பட்ட கிரகரி வாவி, உலக மரபுரிமையில் இடம்பெற்ற ஹோட்டன் சமவெளி என்பனவெல்லாம் பக்கத்தில் உள்ளன. இவற்றைக் காண்பதற்காகக் கொழும்பிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் மக்கள் பணம் செலவழித்து வருகிறார்கள். எமது பிள்ளைகளோ கதவைத் திறந்தால் காணக்கூடிய அதே மலையை, கதவைச் சாத்திக்கொண்டு, போர்வைக்குள் இருந்தபடி, வேறொருவர் எடுத்த காணொளியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இது எத்துணை வேதனையான விடயம்!

இந்நிலைக்குப் பிள்ளைகள் மாத்திரம் காரணமல்லர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்விக்காகவே நாம் பிள்ளைகளின் கையில் தொலைபேசியைக் கொடுத்தோம். அந்நாட்களில் ஊவா மாகாணத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் இணையத் தொடர்பு கிடைக்க வேண்டுமென்பதற்காகக் காட்டு வழியே நடந்து பாறையில் ஏறிப் பாடம் படித்த செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. அது அவசியத்தின் காலம். பின்னர் பாடசாலைகள் திறந்தன. தொலைபேசியோ பிள்ளையின் கையை விட்டு இறங்கவில்லை. கடையில் வியாபாரம் பார்க்கும் வாப்பாவுக்கும், சமையலறையில் வேலையாக இருக்கும் உம்மாவுக்கும் பிள்ளை சத்தமின்றி ஒரு மூலையில் இருப்பது வசதியாகப்பட்டது. அந்தச் சத்தமின்மையை நாம் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

விளையாட்டைப் பற்றி எமது மார்க்கம் என்ன சொல்கிறது? அல்குர்ஆனில் ஸூரா யூஸுஃபை எடுத்துப் பாருங்கள். யூஸுஃப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் சகோதரர்கள் தந்தையிடம் வந்து, தம்பியை எம்முடன் அனுப்புங்கள், அவர் உண்டு மகிழ்ந்து விளையாடட்டும் என்ற கருத்தில் கேட்கிறார்கள். அவர்களின் உள்ளத்தில் சூழ்ச்சி இருந்தது என்பது வேறு விடயம். ஆனால் யஃகூப் நபியவர்களின் பதிலைக் கவனியுங்கள். சிறுவனுக்கு விளையாட்டு எதற்கு என்று அன்னார் கேட்கவில்லை. நீங்கள் கவனமற்றிருக்கும் வேளையில் ஓநாய் அவரைத் தின்றுவிடுமோ என்று அஞ்சுவதாகவே சொன்னார்கள். அதாவது, அன்னாரின் கவலை விளையாட்டைப் பற்றியதல்ல, பொறுப்பற்றவர்களின் கையில் பிள்ளையை ஒப்படைப்பதைப் பற்றியது. விளையாட அனுப்புவதும், யாருடன் எங்கே போகிறான் என்று பார்ப்பதும் ஆகிய இரண்டுமே தந்தையின் கடமை என்ற பாடத்தை நாம் இதிலிருந்து பெறலாம்.

எமது நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். மக்கா நகரத்தின் நெருக்கத்தை விட்டுத் திறந்த பாலைவெளியிலே, பனூ ஸஃத் கோத்திரத்தாரிடையே, ஹலீமா அம்மையாரின் பராமரிப்பில் அன்னாரின் பாலப் பருவம் கழிந்தது. இளமையில் அன்னார் மக்காவாசிகளின் ஆடுகளை மேய்த்தார்கள் என்பது புஹாரியில் பதிவாகியுள்ளது. மலையும் வெளியும் வானமும் அன்னாருக்குச் சிறு வயது முதலே பழக்கமாயிருந்தன.

பத்து வருடங்கள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்கள், தாம் சிறுவர்களுடன் விளையாடிக்கொண்டிருந்த இடத்துக்கு நபியவர்கள் வந்து, எல்லோருக்கும் ஸலாம் கூறி, பின்னர் தம்மை ஒரு வேலைக்கு அனுப்பியதை அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). விளையாடும் பிள்ளைகளுக்கு முதலில் ஸலாம் சொன்ன நபியின் உம்மத்தில் வந்த நான், விளையாடும் பிள்ளைகளின் பந்தைப் பறித்தேன். சிறுவர் அபூ உமைர் தமது சின்னஞ்சிறு குருவி இறந்து கவலையுற்றிருந்தபோது, அதைப் பற்றி அன்புடன் விசாரித்தவர்கள் நபியவர்கள். பெருநாள் தினத்தன்று அபிஸீனியர்கள் மஸ்ஜிதுக்குள்ளேயே ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது அதைத் தடுக்காமல், ஆயிஷா (ரழி) அவர்கள் பார்த்து மகிழ இடமளித்தார்கள். அதே ஆயிஷா நாயகியுடன் பயணத்தில் ஓட்டப்பந்தயமும் ஓடினார்கள் என்பதை அபூதாவூத் பதிவு செய்துள்ளார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சொல்லும்போது, பாடம் முடிந்த பின்னர் பிள்ளைக்கு நல்ல விளையாட்டுக்கு இடமளிக்க வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் படிப்பில் வாட்டினால் உள்ளம் மரத்துப்போய்ப் படிப்பையே வெறுக்க நேரிடும் என்றும் எச்சரிக்கிறார்கள். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முந்திய இந்த எச்சரிக்கை, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஒன்பது வயதுப் பிள்ளையை இரவு ஒன்பது மணிவரை வகுப்புக்கு அனுப்பும் எமக்காகவே சொல்லப்பட்டது போலிருக்கிறது.

அன்பின் பெற்றோர்களே! இனி மருத்துவம் சொல்வதைக் கேளுங்கள். எனது மூத்த மகள் நான்காம் ஆண்டில் படிக்கும்போது கரும்பலகையில் எழுதியிருப்பது தெரியவில்லை என்றாள். கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். குறும்பார்வை, அதாவது தூரத்துப் பொருள் தெளிவாகத் தெரியாத குறை என்றார். எவ்வளவு நேரம் தொலைபேசி பார்க்கிறாள் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்ட முதற் கேள்வியோ, "பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெளியில் இருக்கிறாள்?" என்பதுதான். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பின்னரே இது பற்றி விரிவாக வாசித்தேன். பிரகாசமான பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமின் என்னும் பதார்த்தத்தைச் சுரக்கச் செய்கிறது. அது கண்கோளம் அளவுக்கு மிஞ்சி நீண்டு வளர்வதைத் தடுக்க உதவுகிறது என வைத்திய ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். சீனாவின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பாடசாலைகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அவற்றில் ஆறு பாடசாலைகளில் தினமும் 40 நிமிடம் மேலதிகமாகப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார்கள். மூன்று ஆண்டுகளின் பின், வழமைபோல் இயங்கிய பாடசாலைகளில் 100க்கு 39.5 பிள்ளைகளுக்குக் குறும்பார்வை புதிதாக ஏற்பட்டிருக்க, வெளியே சென்ற பிள்ளைகளில் அது 30.4 ஆகக் குறைந்திருந்தது. இவ்வாய்வு 2015இல் வெளியானது. தாய்வான் நாடு 2010 முதல் பாடசாலைப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டுமென்ற திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. ஆண்டுதோறும் கூடிக்கொண்டே சென்ற பார்வைக் குறைபாடு அதன் பின் குறையத் தொடங்கியது.

எங்கள் ஊரில் எப்போதும் மேகமும் மூடுபனியும்தானே என்று நீங்கள் கேட்கலாம். மேகம் மூடிய பகலிலும் வெளியிலுள்ள வெளிச்சம் வீட்டின் மின்விளக்கு வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அதிகமாகும். ஆகவே மூடுபனி எமக்குச் சாட்டாகாது. அதேவேளை ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: ஏற்கனவே வந்த குறும்பார்வையை வெளிவிளையாட்டு நீக்கிவிடாது. வராமல் தடுப்பதிலேயே அதன் பெரும் பயன் இருக்கிறது. என் மகளைப் பொறுத்தவரை நான் தாமதித்துவிட்டேன். அவளின் தம்பி விடயத்தில் தாமதிக்கவில்லை. எமது கண்ணுக்கும் உடலுக்கும் எம்மீது உரிமை உண்டு என நபியவர்கள் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களுக்கு உபதேசித்தார்கள் (புஹாரி). பிள்ளையின் கண்ணுக்குரிய உரிமையை யார் நிறைவேற்றுவது? பிள்ளைக்கு அது தெரியாது. பெற்றோராகிய நாமே நிறைவேற்ற வேண்டும்.

உலக சுகாதார நிறுவனமும் 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடல் நன்கு அசையும்படி செயற்பட வேண்டும் என 2020இல் அறிவுறுத்தியது. அதற்கு முந்திய ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில், இரண்டு முதல் நான்கு வயதுவரையான பிள்ளைகள் திரை முன் அமர்ந்திருக்கும் நேரம் ஒரு மணித்தியாலத்தை மிஞ்சக்கூடாது என்றும், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அது வேண்டவே வேண்டாம் என்றும் கூறியது. சோறு ஊட்டுவதற்காகக் கைக்குழந்தையின் முன் தொலைபேசியை நிறுத்தி வைக்கும் தாய்மார்கள் இதைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

சகோதரர்களே! பெற்றோரின் அச்சங்களை நான் இலேசாகக் கருதவில்லை. குளிரில் விளையாடினால் சளி பிடிக்கும் என்கிறார்கள். சளியையும் தடிமனையும் உண்டாக்குவது கிருமி, குளிர் மாத்திரமல்ல. யன்னலைச் சாத்திய அறையில் பலர் நெருங்கி இருக்கும்போதுதான் அக்கிருமி இலகுவாகப் பரவுகிறது. கம்பளிச் சட்டையும் தொப்பியும் அணிவித்து அனுப்புங்கள். நனைந்து வந்தால் உடனே உடை மாற்றிச் சூடாக ஒரு பிளேன்டி கொடுங்கள்.

வீதியைப் பற்றிய அச்சம் முற்றிலும் நியாயமானது. 2023 ஜனவரி 20ஆம் திகதி ரதல்ல குறுக்கு வீதியில் நடந்த விபத்தில் ஏழு உயிர்கள் பறிபோனதை இவ்வூர் மறக்காது. எனவே பிள்ளைகள் வீதியோரத்தில் விளையாடக் கூடாது. அவர்களுக்கு வேறு இடம் கொடுப்பது பெரியவர்களாகிய எமது பொறுப்பு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகம் கண்ட மண்சரிவுகளின் துயரத்தையும் நாம் அறிவோம். மழை விடாது பெய்யும் நாட்களிலும், மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருக்கும் நாட்களிலும், ஆறு பெருக்கெடுக்கும் வேளையிலும் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். தேயிலை மலைக்குள் குளவிக் கூடு இருக்கும் இடத்தையும், மருந்து தெளித்த இடத்தையும் அவர்களுக்குக் காட்டிக் கொடுங்கள். அட்டை கடித்தால் பதறாமல் என்ன செய்வதென்று கற்றுக் கொடுங்கள். யஃகூப் நபியவர்கள் அஞ்சிய ஓநாய்க்கு இவை ஒப்பானவை. ஆனால் இன்னொரு ஓநாய், யாருமறியாமல், பூட்டிய அறைக்குள்ளே தொலைபேசி வழியாகவும் நுழைகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். பிள்ளை வீட்டுக்குள் இருப்பதால் மாத்திரம் பாதுகாப்பாக இருக்கிறது என்று யாரும் நிம்மதியடைய முடியாது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து வயதானதும் எமது வீடுகளில் பெண் பிள்ளையின் விளையாட்டு முடிந்துவிடுகிறது. அவளுக்கும் கண் இருக்கிறது, எலும்பு இருக்கிறது, களைப்பும் கவலையும் இருக்கின்றன. மார்க்க வரம்புகளைப் பேணி, உம்மாமார் நான்கைந்து பேர் சேர்ந்து தமது பெண் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாலையில் நடந்து வந்தால் அதைத் தடுப்பவர் யார்? வீட்டின் பின்புறத்தில் சிறு காணித்துண்டு இருந்தால், லீக்ஸும் கரட்டும் அவர்களே நட்டுப் பராமரிக்கட்டும். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால், அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நபிமொழியின் கருத்தாகும் (புஹாரி, முஸ்லிம்).

தோட்டத்து லயன்களில் வாழும் எமது அயலவரின் பிள்ளைகளையும் நினைவுகூர்வோம். அவர்கள் வெளியில் திரிகிறார்கள் என்று நாம் சொல்கிறோம். விறகு சுமப்பதும், கொழுந்தெடுக்கச் சென்ற தாய் வரும்வரை தம்பியைத் தூக்கி வைத்திருப்பதும் விளையாட்டாகாது. எமது பிள்ளைகள் விளையாடும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஒரே மைதானத்தில் ஓடிய பிள்ளைகள் வளர்ந்த பின் ஒருவரையொருவர் இலகுவில் வெறுக்கமாட்டார்கள்.

இனி செயலுக்கு வருவோம். பாடசாலை விடுவது பெரும்பாலும் பிற்பகல் ஒன்றரை மணிக்கு. எமது நாட்டில் அஸர் வக்துக்கும் மஃரிபுக்கும் இடையில் ஆண்டு முழுவதும் இரண்டரை மணித்தியாலத்துக்குக் குறையாத நேரம் இருக்கிறது. அல்லாஹ் தந்த இந்த நேரத்தையே பிரத்தியேக வகுப்பும், குர்ஆன் மத்ரஸாவும், தொலைபேசியும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் என் சக மௌலவிமார்களிடமும் நான் பணிவுடன் வேண்டுவது இதுதான்: முடிந்த இடங்களில் ஓதல் நேரத்தை ஸுப்ஹுக்குப் பின்னரோ மஃரிபுக்குப் பின்னரோ மாற்றியமையுங்கள். முடியாவிட்டால், ஓதலை நாற்பது நிமிடம் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். அஹதிய்யா மாணவர்களை மாதம் ஒரு முறையேனும் ஒரு மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒட்டகம், வானம், மலை, பூமி ஆகியவற்றைப் பார்த்துச் சிந்திக்குமாறு ஸூரா அல்காஷியாவில் அல்லாஹ் கேட்கிறான். எமது பிள்ளைகள் அந்த வசனங்களை மனனமிட்டிருக்கிறார்கள். மலையையோ பார்ப்பதில்லை.

வாப்பாமார்களே! வாரத்தில் ஒரு நாளாவது கடையை அரை மணித்தியாலம் மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து நடந்து வாருங்கள். அந்த நேரத்தில் உங்கள் தொலைபேசியும் வீட்டிலேயே இருக்கட்டும். "போய் விளையாடு" என்று திரையைப் பார்த்தபடி சொல்லும் தந்தையின் சொல்லுக்குப் பெறுமதியில்லை. மஃரிபுக்கு முன்னர் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள். இரவு கவியும் நேரத்தில் பிள்ளைகளைத் தடுத்து வைக்குமாறு நபியவர்கள் ஏவியுள்ளார்கள் (புஹாரி).

வாலிபர்களே! ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் பெரும்பாலானோர் நஷ்டமடைந்துவிடும் இரு அருட்கொடைகள் என்பது நபிமொழியின் கருத்து (புஹாரி). இவ்விரண்டும் இன்று உங்கள் கையில் இருக்கின்றன. சிறுவர்களைச் சேர்த்து ஒரு பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குச் செல்லுங்கள். அதான் கேட்டதும் விளையாட்டை நிறுத்தி அவர்களைப் பள்ளிவாசலுக்கு அழைத்து வாருங்கள். அந்தப் பின் ஸஃப்பை நிரப்பியதன் நன்மை உங்களுக்குக் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எமது பிள்ளைகளின் கண்களுக்கு ஒளியையும், உடலுக்கு வலிமையையும், உள்ளத்துக்கு ஈமானையும் தந்தருள்வாயாக. பாதையிலும் மலையிலும் மழையிலும் அவர்களைப் பாதுகாப்பாயாக. எமது அவசரத்தாலும் கோபத்தாலும் உன் வீட்டை விட்டுத் தூரமான பிள்ளைகளை மீண்டும் அழைத்து வருவாயாக. அவர்கள் விடயத்தில் எம்மைப் பொறுப்புள்ள மேய்ப்பர்களாக ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.